சோத்துல இருக்கும் கிருமி நுரையீரலையும் தாக்கும்! வெல்டிங் தொழிலாளர்களே உஷார்

ராயபுரம்:-

காசிமேட்டில் விசைப்படகு ரிப்பேர், திருவொற்றியூரில் பட்டறை, எண்ணூரில் கம்பெனி கான்ட்ராக்ட் என்று வடசென்னையில் வெல்டிங்கை நம்பி பிழைப்பவர்கள் ஏராளம். வெல்டிங் புகையை அவர்கள் பெரிதாக கண்டுகொள்வது இல்லை. இருமல் வந்தாலும் "ரெண்டு நாள்ல தானா சரியாயிடும்" என்று விட்டுவிடுவார்கள்.

ஆனால் நல்ல திடகாத்திரமான வெல்டர்களையே மின்னல் வேகத்தில் சாய்க்கும் ஒரு வகை நிமோனியா அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டு உள்ளது.

சோத்து கிருமி

இதற்கு காரணம் "பேசில்லஸ் செரியஸ்" இனத்து பாக்டீரியா. வடித்த சோறை நெடுநேரம் வெளியிலேயே வைத்தால் அதில் பெருகி, வாந்தி-வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி இதுதான். சோறு கொதித்தாலும் இதன் வித்துக்கள் சாகாது. மண்ணிலும், தூசியிலும் கூட இது இருக்கும்.

வழக்கமாக இது வயிற்றோடு நின்றுவிடும். ஆனால் இந்த இனத்தில் அபூர்வமாக சில கிருமிகள், கொடிய ஆந்த்ராக்ஸ் நோயின் விஷத்தை உருவாக்கும் மரபணுவையும் வைத்திருக்கின்றன. அவை நுரையீரலுக்குள் புகுந்தால் ஆபத்துதான்.

2 பேர் பலி

1994-ல் லூசியானா மாநிலத்தில் ஒரு வெல்டர் இப்படி பாதிக்கப்பட்டு உயிர் பிழைத்தார். 2003-ல் டெக்சாஸ் மாநிலத்தில் உலோக வேலை பார்த்த 2 பேர் பலியானார்கள். 2020-ல் லூசியானாவில் பாதிக்கப்பட்ட மற்றொரு வெல்டர், ஆந்த்ராக்ஸ் விஷமுறிவு மருந்து கொடுத்து காப்பாற்றப்பட்டார். இதற்கு "வெல்டர் ஆந்த்ராக்ஸ்" என்றே பெயர் வைத்துவிட்டனர்.

வெல்டர்களுக்கு ஏன்?

இந்த நிமோனியா சாப்பாட்டால் வருவது இல்லை. மண், தூசியில் உள்ள கிருமி மூச்சு வழியாக போவதால்தான் வருகிறது என்று கருதப்படுகிறது. வருஷக்கணக்கில் புகையையும், இரும்பு துகளையும் சுவாசிப்பதால் நுரையீரலின் எதிர்ப்பு சக்தி குறைகிறது. இரும்பு சத்து கிடைத்தால் கிருமிக்கும் கொண்டாட்டம். சாதாரண நிமோனியா கூட வெல்டர்களுக்கு அதிகம் வருவதற்கு இதுவே காரணம் என்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும். மூக்கில் கர்ச்சீப் கட்டினால் போதாது. புகையை வடிகட்டும் முறையான மாஸ்க் தேவை. தரையை காய்ந்த துடைப்பத்தால் கூட்டாமல் தண்ணீர் தெளித்து கூட்ட வேண்டும். கையை சோப்பு போட்டு கழுவிவிட்டு, பட்டறைக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிடுவது நல்லது.

காய்ச்சலோடு மூச்சு வாங்கினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி போட்டு நாளை கடத்தக்கூடாது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியோ, பக்கத்தில் உள்ள கிளினிக்கோ, உடனே போகவேண்டும். போனதும் டாக்டரிடம் "நான் வெல்டிங் வேலை பாக்கறேன்" என்று கட்டாயம் சொல்லுங்கள். என்ன தொழில் என்று தெரிந்தால்தான் டாக்டரும் வழக்கமான சளி என்று விட்டுவிடாமல், அதற்கு தகுந்த பரிசோதனையை சீக்கிரம் செய்வார்.