இரு கரைகளை இணைத்த நீராவிக் கப்பல்

மல்லாங்கிணறு, விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் இடையே அமைந்த ஊராகும். சுற்றிலும் கரிசல் நிலம். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். பொய்த்தால் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஊரின் பெயரில் கிணறு உண்டே தவிர, கண்ணுக்கெட்டிய தொலைவில் கடல் இல்லை. ஆயினும், இவ்வூர் ஒரு காலத்தில் ஒரு துறைமுகத்தோடு ஒரே மாவட்டத்தில் அடங்கியிருந்தது என்பது பலருக்கு வியப்பைத் தரலாம். 1985ஆம் ஆண்டில் விருதுநகர் தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை, இப்பகுதி முழுவதும் இராமநாதபுர மாவட்டத்தைச் சேர்ந்ததே. அம்மாவட்டத்தின் கீழ்க்கோடியில் தனுஷ்கோடி என்னும் துறைமுகம் இருந்தது. அங்கிருந்து இலங்கைத் தீவிற்கு நாள்தோறும் நீராவிக் கப்பல் சென்று வந்தது. கரிசல் நிலத்து மக்களின் வாழ்வும் தாழ்வும் அக்கப்பலோடு பிணைந்திருந்தன.

இந்தியாவிற்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடல் மிகக் குறுகியது. அதன் வடபால் பாக் விரிகுடாவும், தென்பால் மன்னார் வளைகுடாவும் உள்ளன. வடகடல் பெரும்பாலும் அமைதியாக இருத்தலின் அதனைப் பெண்கடல் என்றும், தென்கடல் அலை மிகுந்து சீறுதலின் அதனை ஆண்கடல் என்றும் அப்பகுதி மக்கள் வழங்குவர். இவ்விரண்டிற்கும் நடுவே சேது என்று போற்றப்படும் மணல்திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார்த் துறைக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவே உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்களும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களும் பெருகின. அவற்றில் உழைக்கத் தமிழகத்தின் வறண்ட பகுதிகளிலிருந்து மக்கள் சென்றனர். தொடக்கத்தில் அவர்கள் தோணிகளில் கடலைக் கடந்து, மன்னார்ப் பகுதியிலிருந்து காட்டு வழியே மாத்தளையை நோக்கிக் கால்நடையாகவே சென்றனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் அவ்வழியில் மாண்டவர் மிகப் பலர். 1876ஆம் ஆண்டில் இருப்புப் பாதை தூத்துக்குடியை எட்டியது. அதன் பின்னர்ச் சென்னையிலிருந்து புறப்பட்ட பயணிகள் மதுரை, விருதுநகர் வழியாகத் தூத்துக்குடியை அடைந்து, அங்கே கப்பலேறிக் கொழும்பிற்குச் சென்றனர். அவ்வழியில் கடற்பயணம் நீண்டது. இரவு முழுவதும் அலையில் தத்தளிக்க வேண்டியிருந்தது.

இந்நிலை 1914ஆம் ஆண்டில் மாறியது. அவ்வாண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள், மண்டபத்தையும் பாம்பன் தீவையும் இணைக்கும் இரயில் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடைய அப்பாலத்தின் நடுவே, கப்பல்கள் செல்லும்பொழுது இரு கைகளைப் போல மேலெழுந்து வழிவிடும் தூக்குப் பகுதியும் இருந்தது. தொழிலாளர் தம் கைவலியால் அதனை இயக்கினர். பாலம் அமைந்தமையால் புகைவண்டி கடல்மேற் சென்று தனுஷ்கோடியின் இறங்குதுறையையே அடைந்தது. அங்கிருந்து இலங்கைக்குச் செல்லத் தென்னிந்திய இரயில்வேயின் நீராவிக் கப்பல்கள் காத்திருந்தன. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்சு என்பன முதலில் ஓடிய கப்பல்களின் பெயர்கள். பின்னர் இர்வின், கோஷன் என்னும் கப்பல்கள் ஓடின. சென்னையில் ஒரே பயணச்சீட்டை வாங்கியவர், புகைவண்டி, கப்பல், மீண்டும் புகைவண்டி என மாறிக் கொழும்புக் கோட்டை நிலையம் வரை செல்லலாம். இவ்வாறு கப்பலோடு இணைந்த அவ்வண்டியைப் ‘போட் மெயில்’ என்று மக்கள் அழைத்தனர்.

மல்லாங்கிணற்றுப் பகுதியிலிருந்து அந்நாளில் ஒரு குடும்பம் இலங்கைக்குப் புறப்படுவதாகக் கொள்வோம். மாட்டு வண்டியில் விருதுநகரை அடைந்து, புகைவண்டியில் மதுரைக்கும், அங்கிருந்து மானாமதுரை வழியாக மண்டபத்திற்கும் அக்குடும்பம் செல்லும். தோட்ட வேலைக்குச் செல்வோர் அங்கே இலங்கை அரசினர் நடத்திய முகாமில் சில நாள் தங்குதல் வேண்டும். தொற்றுநோய் கடல் கடந்து பரவாதிருக்கும் பொருட்டு, அவர்களுக்கு அம்மை குத்தப்படும். உடைகளும் உடைமைகளும் தூய்மை செய்யப்படும். அதன் பின்னரே கப்பலேற ஒப்புதல் கிடைக்கும். வண்டி பாம்பன் பாலத்தின்மீது மெல்ல ஊர்ந்து செல்லும்பொழுது, அதுவரை கடலைக் கண்டறியாத சிறுவர்கள் இருபுறமும் நீரையே கண்டு தாயின் முந்தானையைப் பற்றிக்கொள்வர்.

துறையில் நிற்கும் கப்பலின் புகைபோக்கியிலிருந்து கரும்புகை எழும். பயணிகள் மேல்தளத்தில் மூட்டை முடிச்சுகளோடு அமர்வர். அவர்களுடைய காலடியில், தளங்களுக்குக் கீழே, வேறோர் உலகம் இயங்கும். அங்கே நிலக்கரி குவிந்திருக்கும். தீத்தொழிலாளர் அதனை வாரி, உலைவாயைத் திறந்து, தீ எங்கும் சீராகப் பரவுமாறு உள்ளே எறிவர். கரி குறைந்தால் கப்பலின் விரைவு குறையும். சாம்பல் மிகுந்தால் காற்றோட்டம் தடைப்படும். ஆதலின், எரித்தலும் கிளறுதலும் சாம்பல் அகற்றலும் இடைவிடாது நிகழும்.

உலையின் வெப்பத்தால் கொதிகலத்திலுள்ள நீர் ஆவியாகிறது. ஒரு படி நீர் திறந்த வெளியில் ஆவியானால் ஏறத்தாழ 1,700 படி இடத்தை அடைக்கும். அவ்வாறு விரிய முற்படும் ஆவியை இரும்புக் கலத்தினுள் அடைத்து வைத்தால், அது பேராற்றல் பெறுகிறது. குழாய்களின் வழியே பொறிக்குள் செலுத்தப்படும் அவ்வாவி, பொறியை இயக்குகிறது. பொறியோடு இணைந்த நீண்ட தண்டு சுழல, அதன் முனையிலுள்ள உந்துசக்கரம் நீரைப் பின்னே தள்ளுகிறது. கப்பல் முன்னே செல்கிறது.

இங்குக் கருதத் தக்க மற்றொன்றும் உண்டு. கப்பலைச் சுற்றிலும் எல்லையற்ற நீர் இருந்தும், அதனைக் கொதிகலத்தில் ஊற்றுதல் இயலாது. கடல்நீரிலுள்ள உப்பு கலத்தின் உட்புறத்தில் படிந்து அதனைக் கெடுத்துவிடும். ஆகவே, கரையிலிருந்து கொண்டுவந்த நன்னீரையே பயன்படுத்துவர். வேலை செய்து முடித்த ஆவியைக் கடல்நீரின் குளிர்ச்சியால் மீண்டும் நீராக்கி, அந்நீரையே கொதிகலத்திற்கு அனுப்புவர். கிணற்று நீரைக் குடம் குடமாக எண்ணிச் செலவிடும் கரிசல் காட்டு மக்களைப் போலவே, கடல் நடுவே செல்லும் கப்பலும் நன்னீரைப் போற்றிச் செலவிட்டது.

ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் தலைமன்னார்த் துறை கண்ணுக்குப் புலனாகும். அங்கே இலங்கைப் புகைவண்டி நிற்கும். வணிகர், இராமேசுவரத்தை வணங்கி மீளும் அடியார், உறவினரைக் காணச் செல்வோர், தோட்டத் தொழிலாளர் எனப் பலரும் அவ்வண்டியில் ஏறித் தத்தம் ஊர்களுக்குச் செல்வர். கப்பல்கள் ஆட்சியாளரின் பெயர்களைத் தாங்கி நின்றன. எனினும், அவற்றை நகர்த்தியவர்கள் உலையின் முன் வியர்வை சிந்திய தொழிலாளரே. அவற்றிற்குப் பயன் தந்தவர்களும், மூட்டையோடு தளத்தில் அமர்ந்திருந்த எளிய மக்களே.

அரை நூற்றாண்டுக் காலம் நடைபெற்ற இப்போக்குவரத்தை ஓர் இரவு முடித்துவிட்டது. 1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் நள்ளிரவில், கடும்புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. பேரலைகள் ஊருக்குள் புகுந்தன. பாம்பனிலிருந்து தனுஷ்கோடியை நோக்கி வந்த பயணிகள் வண்டி நூற்றுக்கும் மேற்பட்டோருடன் அலைகளுக்கு இரையாயிற்று. இரயில் நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம், கோவில், தேவாலயம், வீடுகள் யாவும் சிதைந்தன. பாம்பன் பாலத்தின் 145 உத்தரங்களில் 126 அடித்துச் செல்லப்பட்டன. சிரீதரன் என்னும் இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாள்களில் பாலம் செப்பனிடப்பட்டது. ஆனால் தனுஷ்கோடி மீளவில்லை. அது மக்கள் வாழத் தகுதியற்ற இடமென்று அரசினர் அறிவித்தனர்.

புயல் வீசுவதற்கு ஏறத்தாழ இரண்டு திங்களுக்கு முன்னர், அதே 1964ஆம் ஆண்டு அக்டோபரில், மற்றொரு நிகழ்ச்சி நடந்திருந்தது. தலைமுறை தலைமுறையாக இலங்கைத் தோட்டங்களில் உழைத்த மக்களுள் மிகப் பெரும்பாலோர், அந்நாட்டின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை பெற இயலாதவராயினர். அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென இரு நாட்டுத் தலைமையமைச்சர்களும் உடன்படிக்கை செய்தனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்பட்டது. ஆதலின், கப்பல் மீண்டும் தேவைப்பட்டது. தனுஷ்கோடி இல்லாமையால், இராமேசுவரத்திற்கும் தலைமன்னாருக்கும் இடையே அது ஓடியது. ‘இராமானுஜம்’ என்னும் கப்பல் அவ்வழியில் பலரை ஏற்றி வந்தது. பாட்டன் பிழைப்புத் தேடிக் கடந்த கடலைப் பேரன் எதிர்த்திசையில் கடந்தான். பாட்டனுக்கு அக்கரை அயலாக இருந்தது. பேரனுக்கோ இக்கரையே அயலாக இருந்தது. மண்டபத்து முகாம் அவனையும் முதலில் ஏற்றுக்கொண்டது. 1980களின் முற்பகுதியில் இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டபொழுது, அக்கப்பலும் நின்றுபோயிற்று.

நிலக்கரியால் ஓடிய கப்பல்கள் உலகெங்கும் ஏறக்குறைய மறைந்துவிட்டன. எண்ணெயால் இயங்கும் பொறிகள் அவற்றின் இடத்தைக் கைப்பற்றின. எனினும், அமெரிக்க நாட்டில் ஒன்று இன்றும் ஓடுகிறது. மிச்சிகன் ஏரி, கடலெனப் பரந்து, ஒரு கரையிலிருந்து மறுகரை தோன்றாத பேரேரியாகும். அதனைக் குறுக்கே கடந்து, லடிங்டன், மானிடோவாக் என்னும் இரு நகரங்களை ‘பேட்ஜர்’ என்னும் கப்பல் இணைக்கிறது. 1953ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய இக்கப்பல், முதலில் இரயில் பெட்டிகளை ஏற்றிச் சென்றது. இன்று பயணிகளையும் அவர்தம் மோட்டார் வண்டிகளையும் ஏற்றிச் செல்கிறது. ஏறத்தாழ 97 கிலோமீட்டர் தொலைவை நான்கு மணி நேரத்தில் கடக்கிறது. 1990இல் வணிகம் நலிந்து அது நின்றபொழுது, ஒருவர் பொருளுதவி செய்து 1992இல் மீண்டும் ஓடச் செய்தார். அதன் சாம்பல் ஏரியில் கொட்டப்படுவது நீரைக் கெடுக்கிறது என்று குறை எழுந்தது. அக்குறையை நீக்கும் பொருட்டு, 2015ஆம் ஆண்டு முதல் சாம்பலைக் கப்பலிலேயே சேர்த்துக் கரைக்குக் கொண்டுவரும் முறை ஏற்பட்டது. 2016இல் அக்கப்பல் நாட்டின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பழமையைப் போற்றுதல் என்பது அதன் குறைகளையும் கூடவே போற்றுதல் அன்று. குறையை நீக்கிப் பயனைக் காத்தலே ஆகும்.

சேதுக்கடலில் ஓடிய கப்பல்களுக்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. ஆயினும், இரு கரைகளும் ஒன்றையொன்று மறந்துவிடவில்லை. போரில் சிதைந்த தலைமன்னார் இருப்புப் பாதை 2015ஆம் ஆண்டில் மீண்டும் துறைவரை திறக்கப்பட்டது. 2017இல் தனுஷ்கோடியைக் கடந்து அரிச்சல்முனை வரை சாலை அமைந்தது. 2023இல் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில், பழைய பாம்பன் பாலத்தின் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது.

இன்று அரிச்சல்முனைக்குச் செல்வோர், மணலில் நிற்கும் தேவாலயத்தின் சுவர்களையும், இரயில் நிலையத்தின் இடிபாடுகளையும் காணலாம். அவற்றைக் கண்டு வியந்து மீள்வதோடு அமைதல் போதாது. தண்ணீர் இல்லாத ஊரிலிருந்து புறப்பட்டு, தண்ணீரைக் கடந்து சென்று, பிறர் நாட்டு மலைகளைப் பசுமையாக்கிய மக்கள் இவ்வழியே சென்றனர் என்பதையும் நினைத்தல் வேண்டும். கப்பல்கள் மறைந்தன, துறை மறைந்தது. அவற்றில் பயணம் செய்தவர்களின் மக்களும் பேரர்களும் இரு கரைகளிலும் இன்றும் வாழ்கின்றனர். தத்தம் வீட்டு முதியோரிடம் இக்கடற்பயணத்தைக் கேட்டு எழுதி வைப்பது, கல்லால் எழுப்பும் நினைவுச் சின்னத்தினும் சிறந்த தொண்டாகும்.