ஹோனலூலூ மாரத்தானில் கணவன், மனைவி இருவரும் ஓடலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

அமெரிக்காவின் ஹவாய் மாநிலத் தலைநகர் ஹோனலூலூவில் ஆண்டுதோறும் டிசம்பர் மாத இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாரத்தான் ஓட்டம் நடக்கிறது. 2026ஆம் ஆண்டில் அந்த நாள் டிசம்பர் 13. வெயில் காயும் இந்தக் கடற்கரை நகரில் தம்பதியாக ஓட விரும்புவோருக்கு எழும் முக்கியச் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் இங்கே தரப்படுகின்றன.

எவ்வளவு தூரம் ஓட வேண்டும்? எந்த வழியாக?

எல்லா மாரத்தான்களையும் போலவே தூரம் 42.195 கிலோமீட்டர். அதிகாலை 5 மணிக்கு ஆலா மோனா கடற்கரையை ஒட்டிய சாலையில் ஓட்டம் தொடங்கும். நகரின் மையப்பகுதி, வைக்கீகி, டயமண்ட் ஹெட் மலைச்சரிவு வழியாக ஹவாய் கை வரை சென்று, திரும்பி வந்து கபியோலானி பூங்காவில் முடியும். டயமண்ட் ஹெட் ஏற்றத்தைப் போகும்போது ஒரு முறையும், கால் தளர்ந்திருக்கும் கடைசிக் கட்டத்தில் இன்னொரு முறையும் ஏற வேண்டும்.

குலுக்கலில் ஒருவருக்கு இடம் கிடைத்து, மற்றவருக்குக் கிடைக்காமல் போகுமா?

லண்டன், டோக்கியோ போன்ற நகரங்களின் மாரத்தான்களில் பெரும்பாலான இடங்கள் குலுக்கல் மூலம் ஒதுக்கப்படுவதால் அப்படி நேர்வதுண்டு. ஹோனலூலூவில் குலுக்கல் இல்லை. முந்தைய ஓட்டங்களில் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஓடியிருக்க வேண்டும் என்ற தகுதி விதியும் இல்லை. உரிய காலத்தில் பதிவு செய்து கட்டணம் செலுத்தினால் இருவருக்கும் இடம் உறுதி.

எத்தனை மணி நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும்?

கால வரம்பு கிடையாது. பல பெரிய மாரத்தான்களில் ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் வராதவர்கள் பாதையிலிருந்து விலக்கப்படுவார்கள். இங்கே நடந்தே வந்தாலும் முடிப்பவர்களுக்குப் பதக்கம் உண்டு. 1973இல் இந்த ஓட்டம் தொடங்கப்பட்டபோது அதன் பின்னணியில் இருந்தவர்களுள் முக்கியமானவர் இதயநோய் மருத்துவர் ஜாக் ஸ்காஃப். நீண்ட தூரம் மெதுவாக ஓடுவது சாதாரண மக்களுக்கும், தகுந்த கண்காணிப்பில் இதய நோயாளிகளுக்கும்கூட இயலும் என்று அவர் வலியுறுத்தினார். வேகம் குறைந்தவரையும் அரவணைக்கும் இயல்பு அங்கிருந்தே வருகிறது.

இருவரின் வேகமும் வேறு வேறாக இருந்தால் சேர்ந்து ஓட முடியுமா?

முடியும், அதற்கு வேகம் குறைந்தவரின் கணக்கிலேயே தொடக்கம் முதல் ஓட வேண்டும். தொடக்கக் கோட்டில் எதிர்பார்க்கும் நேரத்தை ஒட்டி நிற்கும்போதும், இருவரில் மெதுவானவருக்கு உரிய பகுதியில் நிற்பதே சரி. பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்று பார்ப்பது வேகத்தை அளக்க எளிய வழி, வாக்கியத்தை முடிக்க மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். வழியில் ஒருவரால் தொடர முடியாவிட்டால் மற்றவர் நின்றுவிடுவதா, ஓடி முடிப்பதா என்பதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்வது மிக அவசியம். முப்பதாவது கிலோமீட்டரில் நின்று எடுக்கக்கூடிய முடிவு அல்ல அது.

தம்பதிக்கு ஒரே பதிவு போதுமா?

போதாது. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிவு செய்து, தனித்தனி எண் அட்டை பெற வேண்டும்; கைகோத்து ஓடி முடித்தாலும் இருவரின் நேரமும் தனித்தனியாகவே பதிவாகும். ஒருவர் உடல்நலக் குறைவால் விலகினால் அவருடைய எண்ணை அணிந்து வேறொருவர் ஓடக் கூடாது, ஏனெனில் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு அந்த எண்ணை வைத்தே ஆளை அடையாளம் காணும்.

ஒருவருக்கு மட்டும் முழு தூரம் ஓடும் பயிற்சி இல்லை. அவர் வெறும் பார்வையாளர்தானா?

இல்லை. அதே காலையில், அதே இடத்தில் தொடங்கி கபியோலானி பூங்காவில் முடியும் 10 கிலோமீட்டர் பிரிவு உள்ளது. அதில் சேர்ந்தால் இருவரும் ஒன்றாகக் கிளம்பலாம். முதலில் முடித்தவர் பூங்காவில் காத்திருக்கலாம். பாதி தயாரான நிலையில் துணைக்காக 42 கிலோமீட்டரில் இறங்குவதைவிட இது பல மடங்கு நல்லது.

எந்த விசா வேண்டும்?

ஹவாய் 1959 முதல் அமெரிக்காவின் மாநிலம். எனவே இந்தியக் குடிமக்களுக்கு அமெரிக்க விசாவே தேவை, தீவுக்கெனத் தனி விசா இல்லை. பங்கேற்பதற்காகப் பணம் பெறாத அமெச்சூர் ஓட்டக்காரர்களுக்கு பி-2 எனப்படும் சுற்றுலா விசாவே போதுமானது. விண்ணப்பக் கட்டணம் ஒருவருக்கு 185 டாலர், இருவருக்கு 370 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் இது திரும்பக் கிடைக்காது. இது தவிர, 2025 ஜூலையில் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் விசா பெறுவோரிடம் மேலும் 250 டாலர் வசூலிக்க வகை செய்கிறது. விண்ணப்பிக்கும் நாளில் அது நடைமுறைக்கு வந்துள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாரத்தானில் பதிவு செய்துவிட்டால் விசா நிச்சயமா?

நிச்சயமில்லை. பதிவு, பயண நோக்கத்தைக் காட்டும் ஆவணமாக உதவலாம். முடிவு நேர்காணல் நடத்தும் தூதரக அதிகாரியுடையது. நேர்காணல் தேதி கிடைக்கப் பல மாதங்கள் ஆகக்கூடும் என்பதால், விசா கைக்கு வந்த பிறகு ரத்து செய்ய முடியாத விமான டிக்கெட் எடுப்பதே பாதுகாப்பு.

பயிற்சியை எப்போது தொடங்க வேண்டும்?

ஏற்கெனவே வாரம் மூன்று நான்கு நாள் ஓடும் பழக்கம் உள்ளவர்களுக்கு 18 வாரங்கள் நியாயமான கால அளவு. டிசம்பர் 13இலிருந்து பின்னோக்கி எண்ணினால் அது ஆகஸ்ட் 9இல் தொடங்கும். ஓடிப் பழக்கமே இல்லாதவர்களுக்கு இன்னும் பல மாதங்கள் தேவை. நாற்பது வயதைத் தாண்டியவர்களும், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

டிசம்பரிலும் அங்கே வெயில் கடுமையாக இருக்குமா?

டிசம்பரில் ஹோனலூலூவின் வெப்பநிலை அதிகாலையில் சுமார் 20 டிகிரி செல்சியஸ், பகலில் 27 டிகிரி வரை செல்லும். கடற்கரை நகரம் என்பதால் காற்றில் ஈரப்பதமும் உண்டு. சூரியன் உதிக்க ஏறக்குறைய 7 மணி ஆவதால் முதல் இரண்டு மணி நேரம் இருட்டிலும் விடியலிலுமே ஓட்டம் நடக்கும். ஆறு, ஏழு மணி நேரம் எடுப்பவர்கள்தான் முழு வெயிலையும் வாங்குவார்கள். ஹவாய் கை செல்லும் நெடுஞ்சாலையில் நிழல் குறைவு. தொப்பியும் கண்ணாடியும் வேகமாக ஓடுபவரைவிட மெதுவாக வருபவருக்கே கட்டாயம்.

தாகம் எடுக்கும் முன்பே நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்கிறார்களே?

அளவுக்கு மீறிக் குடிப்பது ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, வாந்தி, குழப்பம், சில நேரம் வலிப்பும் உயிரிழப்பும் ஏற்படலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்து 2005இல் வெளியான ஆய்வில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கும், ஓட்டத்தின்போது உடல் எடை கூடியவர்களுக்கும் பாதிப்பு அதிகம். எனவே தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதே முறை. துணைவர் பேச்சில் தடுமாறினால் மேலும் தண்ணீர் கொடுக்காமல் உடனே மருத்துவ முகாமுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

சன்ஸ்கிரீன் கொண்டுபோகத் தடை உண்டா?

ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் ஆகிய இரு வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீனை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க 2021 ஜனவரி 1 முதல் ஹவாயில் தடை உள்ளது. பவளப்பாறைகளைக் காப்பதே நோக்கம். தடை விற்பனைக்குத்தான் என்றாலும், ஓடி முடித்ததும் பலர் கடலில் இறங்குவதால் ஜிங்க் ஆக்ஸைடு வகையை எடுத்துச் செல்வதே அந்தக் கடலுக்குச் செய்யும் மரியாதை.

எத்தனை நாள் முன்னதாகச் செல்ல வேண்டும்?

ஹோனலூலூ நேரம் இந்திய நேரத்தைவிட 15 மணி 30 நிமிடம் பின்தங்கியது. ஓட்டம் தொடங்கும் ஞாயிறு அதிகாலை 5 மணி, இந்தியாவில் அதே ஞாயிறு இரவு 8.30 மணி. உறக்கம் ஓரளவு சீராக நான்கைந்து நாள் தேவைப்படும் என்பதால் டிசம்பர் 8 அல்லது 9ஆம் தேதிக்குள் சென்று சேர்வது நல்லது. எண் அட்டை ஓட்டத்துக்கு முந்தைய நாள்களிலேயே வழங்கப்படும். ஓட்ட நாள் காலையில் பெற்றுக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

எங்கே தங்குவது வசதி?

தொடங்கும் இடமும் முடியும் இடமும் வேறு வேறு. வைக்கீகி பகுதி இரண்டுக்கும் நடுவே உள்ளது. ஓடி முடித்தபின் நடந்தே அறைக்குத் திரும்பலாம்.

சாதாரணப் பயணக் காப்பீடு போதுமா?

பாலிசியின் விதிகளைப் படிக்காமல் சொல்ல முடியாது. சில காப்பீடுகள் விளையாட்டுப் போட்டிகளில் ஏற்படும் காயங்களை விலக்கியே வைத்திருக்கும். அமெரிக்காவில் மருத்துவச் செலவு மிக அதிகம் என்பதால், மாரத்தானில் பங்கேற்பது பாதுகாப்புக்குள் வருமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் இருவர் பெயரிலும் பெற்றுக்கொள்வது அவசியம். ஏற்கெனவே உள்ள நோய்களை மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

ஓட்டம் முடிந்த அன்றே விமானம் ஏறலாமா?

தவிர்ப்பது நல்லது. உடல் நீர் இழந்த நிலையில் பல மணி நேரம் அசையாமல் அமர்ந்திருந்தால் கால் ரத்த நாளங்களில் ரத்தம் உறையும் அபாயம் கூடும். குறைந்தது ஒன்றிரண்டு நாள் கழித்து, அதாவது டிசம்பர் 15 வாக்கில், திரும்பும் பயணத்தை வைத்துக்கொள்ளலாம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் விமானம் ஏறும் முன் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.