ஒரு சாரீரமும் மூன்று இத்தாலியர்களும்

1989-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்து, ஆறு வாரங்கள் அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடாமல் வைத்திருந்து, அவ்வருஷம் அந்நாட்டில் மிக அதிகமாக விற்ற தட்டு என்ற கீர்த்தியையும் அடைந்த ‘ரைட் ஆன் டைம்’ என்னும் நடன கீதம், வட இத்தாலியில் மூன்று பேர் கூடி உண்டாக்கியது. ‘பிளாக் பாக்ஸ்’ என்பது அவர்கள் தங்கள் குழுவுக்கு இட்ட பெயர். அந்தத் தட்டைக் கேட்டவர்களின் மனத்தில் முதலில் தைத்ததும் கடைசி வரையில் நின்றதும் ஒரு பெண்ணின் சாரீரம். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மேல் ஸ்தாயியில் ஏறி, அங்கே ஒரு கணம் நின்று வெடிக்கும் அந்தச் சாரீரத்துக்கு உரியவள், அம்மூவரோடு சேர்ந்து ஒரு நாளும் பாடியவள் அல்லள். தட்டின் உறையிலும் அவள் பெயர் இல்லை. அவளுடைய பெயர் லோலியாட்டா ஹாலோவே. ஒன்பது வருஷங்களுக்கு முன்பு அவள் பாடி வைத்த வேறொரு பாட்டிலிருந்து துண்டு துண்டாக வெட்டி எடுக்கப்பட்டதே அந்தக் குரல்.

மூவரையும் முதலில் சொல்லிவிடுகிறேன். டானியேல் டவோலி இரவு நடன விடுதிகளில் தட்டுகளை மாற்றி மாற்றிச் சுழலவிட்டு ஜனங்களை ஆடவைக்கும் டி.ஜே.; எந்த இடத்தில் கூட்டம் கை தூக்கும், எந்த இடத்தில் சோர்ந்து ஒதுங்கும் என்பதைத் தினந்தோறும் கண்ணால் கண்டவர். மிர்கோ லிமோனி கீபோர்டு வாத்தியத்திலும் ஒலிப்பதிவு வேலையிலும் தேர்ந்தவர். வலேரியோ செம்ப்ளிச்சி கிளாரினெட் பயின்ற சாஸ்திரீய சங்கீதக்காரர். மேடையில் நின்று பாடும் பாடகர் ஒருவரும் இல்லாத இப்படிப்பட்ட குழுவை இன்று ‘புரொடக்ஷன்’ குழு என்கிறார்கள். பாட்டை அமைப்பதும், ஒலியைச் சேர்ப்பதும், தட்டாக்கி வெளியிடுவதும் அவர்கள் காரியம், குரல் வேண்டுமானால் வெளியிலிருந்து வர வேண்டும்.

அவர்கள் கையாண்ட ‘ஹவுஸ்’ என்னும் நடன சங்கீதம் 1980-களின் முற்பகுதியில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில், பெரும்பாலும் கறுப்பின இளைஞர்கள் கூடிய விடுதிகளில் உருவானது. நிமிஷத்துக்கு ஏறக்குறைய 120 என்ற கணக்கில் இடைவிடாது விழும் கனத்த முரசடி அதன் லயம்; அதன் மேல் குறுகிய சில சுரக்கோவைகள் திரும்பத் திரும்ப வரும். இத்தாலியர்கள் இதில் சேர்த்தது, பளீரென்று ஒலிக்கும் பியானோ அடிகளையும், வெயில் அடித்தது போன்ற ஓர் உற்சாகத்தையும். ஹாலோவேயும் சிகாகோவில் பிறந்தவள்தான் என்பதை எண்ணும்போது, ஒரே ஊரின் லயமும் அதே ஊரின் குரலும் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தனித்தனியே கடந்து, ஓர் இத்தாலிய ஒலிப்பதிவு அறையில் ஒன்று சேர்ந்தன என்பது எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

ஒன்றுசேர்த்தது ‘சாம்ப்ளர்’ என்னும் கருவி. காற்றில் எழும் ஓசை ஓர் அலை. அந்த அலையின் உயரத்தை ஒரு வினாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி நினைவகத்தில் வைத்துக்கொண்டால், அந்த எண்களைத் திரும்பப் படித்து அதே ஓசையை எழுப்பலாம். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் சேமித்து வைத்த துண்டு ஒலிக்கும். எண்களை இரட்டிப்பு வேகத்தில் படித்தால் குரல் ஒரு ஸ்தாயி மேலே போகும், அதே சமயத்தில் துண்டின் நீளமும் பாதியாகிவிடும். ஆகையால் சுருதி, காலம் இரண்டையும் தம் பாட்டுக்கு இணங்க வைப்பதற்குக் காதும் பொறுமையும் வேண்டியிருந்தன. 1988-இல் ஜப்பானின் அக்காய் கம்பெனி வெளியிட்ட எஸ்1000 என்ற பிரசித்தமான சாம்ப்ளரின் அடிப்படை நினைவகம் 2 மெகாபைட். அதில் நல்ல தரத்தில் இருபது வினாடிக்குச் சற்று மேற்பட்ட ஓசையைத்தான் அடக்க முடியும். முழுப் பாட்டை உள்ளே வைக்க இடமில்லாத காரணத்தால், ஒரு கூவல், ஒரு சொல், ஒரு மூச்சு என்று பொறுக்கி எடுத்து வைப்பதே வழக்கமாயிற்று. அந்தக் காலத்துத் தட்டுகளில் குரல் ஏன் அவ்வளவு துண்டுபட்டுத் திக்கித் திக்கி ஒலிக்கிறது என்பதற்குக் கலைஞரின் ரசனை பாதிக் காரணம் என்றால், நினைவகத்தின் குறுகலும் பாதிக் காரணம். 1987-இலேயே ‘மார்ஸ்’ என்ற ஆங்கிலக் குழு பலருடைய தட்டுகளிலிருந்து இவ்விதம் துண்டுகள் சேர்த்து ஒட்டிய பாட்டொன்றை பிரிட்டிஷ் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுபோயிருந்தது; வழி திறந்தே இருந்தது.

டவோலியும் நண்பர்களும் எடுத்துக்கொண்டது ‘லவ் சென்சேஷன்’ என்ற 1980-ஆம் வருஷத்துப் பாட்டு. இயற்றித் தயாரித்தவர் டான் ஹார்ட்மன், வெளியிட்டது நியூயார்க்கின் சால்சோல் நிறுவனம், பாடியவள் ஹாலோவே. சிறு வயதிலேயே தன் தாயார் நடத்திய தேவாலயப் பாடற்குழுவில் பாடிப் பழகி, பின்பு ‘கேரவன்ஸ்’ என்ற பெயர்பெற்ற பக்தி கீதக் குழுவில் சேர்ந்து, அதன் பிறகே லௌகிகப் பாட்டுக்கு வந்தவள் அவள். பக்தர்கள் நிறைந்த கூடத்தில் ஒலிபெருக்கியின் தயவின்றிக் கடைசி வரிசை வரையில் எட்ட வேண்டிய குரல் எப்படிப் பயிலுமோ அப்படிப் பயின்ற குரல். சுரத்தைத் தொட்டதும் விட்டுவிடாமல், அதைப் பிடித்து உலுக்கி, உள்ளிருக்கும் வேதனையையும் ஆனந்தத்தையும் ஒருங்கே வெளியே கொண்டுவரும் குரல். அந்தப் பாட்டு அமெரிக்க நடனப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. ஆனால் விடுதிகளுக்கு வெளியே பெரும்பாலான ஜனங்கள் அதை அறியவில்லை.

‘ரைட் ஆன் டைம்’ செய்தவர்களின் கைவண்ணத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். பழைய பாட்டில் குரல் படிப்படியாகச் சூடேறி உச்சத்தை அடைகிறது. இவர்களோ அந்த உச்சங்களை மட்டும் கொய்து, பியானோ அடிகளுக்கு நடுவே கேட்பவர் எதிர்பாராத இடங்களில் நட்டு, ஆரம்பத்திலிருந்து முடிவு வரையில் உச்சமாகவே இருக்கும் ஒரு பாட்டைச் சமைத்தார்கள். இது சுலபமான காரியம் அன்று. ஆனால் அந்தக் குரலை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கேட்டால், நன்றாகச் செய்த ஒரு தாளக்கட்டு மட்டும் இருக்கும். பாட்டின் உயிரைக் கொடுத்தவளின் பெயரைச் சொல்லாமல் விட்டதுதான் குற்றம். அதற்கு மேலும் ஒரு குற்றம் நேர்ந்தது.

தொலைக்காட்சியில் தோன்ற ஒரு முகம் வேண்டியிருந்தது. குவாதலூப் தீவைச் சேர்ந்த காத்ரின் கினோல் என்ற அழகிய மாடல் பெண் மேடையில் நின்று, ஹாலோவேயின் குரலுக்கு வாயசைத்தாள். பார்த்தவர்கள் பாடுகிறவள் அவளே என்று நினைத்தார்கள். அந்தப் பெண்ணைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கூலிக்கு அமர்த்தப்பட்ட வேலையை அவள் செய்தாள். ஒருவர் வாயசைக்க வேறொருவர் பாடுவது நம் சினிமாவில் நெடுநாளாக நடக்கும் காரியந்தானே என்று வாசகர்கள் கேட்கலாம். நடப்பது உண்மை, ஆனால் இன்று பாடியவரின் பெயர் திரையிலும் தட்டிலும் வானொலியிலும் சொல்லப்படுகிறது. அதுவும் தானாக வந்த வழக்கமன்று. 1949-இல் வெளிவந்த ‘மஹல்’ என்ற ஹிந்திப் படத்தின் தட்டில் லதா மங்கேஷ்கரின் பெயருக்குப் பதிலாகக் கதாபாத்திரத்தின் பெயரே முதலில் அச்சிடப்பட்டது. பாடியது யார் என்று வானொலி நேயர்கள் விடாமல் கேட்ட பிறகே உண்மைப் பெயர் வெளிவந்தது.

ஹாலோவே மௌனமாக இருக்கவில்லை. தன் குரல் தேசமெல்லாம் ஒலிக்க, வேறொருத்தி அதன்மேல் தன் முகத்தை வைத்து நிற்பதைக் கண்டு மனம் கொதித்து வெளிப்படையாகவே பேசினாள். வக்கீல்கள் தலையிட்டார்கள், வெளியிடப்படாத ஒரு தொகையைக் கொடுத்து விவகாரத்தைச் சமாதானமாக முடித்தார்கள். இதற்கிடையில் பிற்காலத்தில் ‘எம் பீப்பிள்’ குழுவின் பாடகியாகப் புகழ்பெற்ற ஹீதர் ஸ்மாலைக் கொண்டு, ஹாலோவேயின் பகுதிகளை அதே மாதிரி பாடவைத்து, தட்டின் மாற்று வடிவம் ஒன்றும் தயாரிக்கப்பட்டது.

ஏன் இப்படி? சட்டத்தின் அமைப்பை அறிந்தால் இது விளங்கும். ஒரு தட்டில் இரண்டு பாத்தியதைகள் உண்டு. சாகித்தியமும் மெட்டும் இயற்றியவருக்கு ஒன்று. ஒலிப்பதிவுக்குரிய மற்றொன்று பெரும்பாலும் கம்பெனியைச் சேர்ந்தது. ‘லவ் சென்சேஷ’னில் முன்னது ஹார்ட்மனையும், பின்னது சால்சோலையும் சேர்ந்தவை. பாடியவளுக்கு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது போக வேறு பிடிமானம் சொற்பமே. புதிதாகப் பாடவைத்துவிட்டால் பழைய ஒலிப்பதிவின் பாத்தியதை அறுந்துவிடும். இயற்றியவருக்கு மட்டும் பணம் சேரும். உலகம் எதற்காக அந்தப் பாட்டை வாங்கியதோ அந்தக் குரலுக்குக் கணக்கில் தனியாக ஒரு பத்தி இல்லை.

பின் வந்த வழக்குகள் கம்பெனிகளின் பாத்தியதையைத்தான் தெளிவாக்கின. 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர், கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாட்டொன்றை அனுமதியின்றி எடுத்தாண்டதற்காக நியூயார்க் நியாயஸ்தலம் அவர் பக்கத்துக்கு விரோதமாகத் தீர்ப்பளித்தது. திருடாதே என்னும் விவிலியக் கட்டளையைக் காட்டியே நீதிபதி தம் தீர்ப்பைத் தொடங்கினார். அதன் பிறகு முன்கூட்டி அனுமதி பெறாமல் துண்டெடுக்கப் பெரிய கம்பெனிகள் துணியவில்லை. சால்சோலின் பழைய பதிவுகளை வாங்கியவர்கள், மடோனாவின் ‘வோக்’ பாட்டில் தங்கள் தட்டிலிருந்து 0.23 வினாடி நீளமுள்ள ஊதுவாத்திய ஒலி எடுக்கப்பட்டதாக வழக்காடி, அவ்வளவு அற்பமான துண்டை யாரும் இனங்கண்டுகொள்ள மாட்டார்கள் என்ற காரணத்தால் 2016-இல் அப்பீலில் தோற்றார்கள்.

பாடகியின் பெயருக்காக நின்று போராடியவள் வேறொருத்தி. ‘ரைட் ஆன் டைம்’ வெற்றியைத் தொடர்ந்து பிளாக் பாக்ஸ் 1990-இல் வெளியிட்ட ‘ட்ரீம்லேண்ட்’ தொகுப்பின் பெரும்பாலான பாட்டுகளை உண்மையில் பாடியவள் சான் பிரான்சிஸ்கோவின் மார்த்தா வாஷ். ‘இட்ஸ் ரெய்னிங் மென்’ பாடிய இருவரில் ஒருத்தியான அவளுடைய பெயரும் முகமும் அங்கே மறைக்கப்பட்டன. உறையில் இருந்தவள் கினோல். அதே சமயத்தில் ‘சி அண்ட் சி மியூசிக் ஃபாக்டரி’ குழுவின் பாட்டிலும் அவளுக்கு அதே கதி நேர்ந்தது. வாஷ் இரண்டு இடங்களிலும் வழக்குத் தொடுத்தாள். ஒன்றில் அவளுக்குத் தனியாகத் தட்டு வெளியிடும் ஒப்பந்தம் கிடைத்தது. மற்றதில், பாடியது அவளே என்று வீடியோவில் குறிப்பிடும்படி, தட்டை வெளியிட்ட சோனி கம்பெனி எம்.டி.வி. என்னும் சங்கீதத் தொலைக்காட்சியைக் கேட்டுக்கொண்டது. ஒரு பெயரைப் போடச் செய்ய நியாயஸ்தலம் வரையில் போக வேண்டியிருந்தது என்பது துக்கந்தான்; ஆயினும் அவள் போனாள், அவளுக்குப் பின் வந்த பாடகிகளுக்கு அது உதவிற்று.

ஹாலோவேக்கும் நியாயம் கிட்டாமல் போகவில்லை. 1991-இல் மார்க்கி மார்க் என்ற பெயரில் பாடிவந்தவரும், பிற்பாடு மார்க் வால்பெர்க் என்ற நடிகராக விளங்கியவருமான இளைஞர், தம் ‘குட் வைப்ரேஷன்ஸ்’ பாட்டில் அதே ‘லவ் சென்சேஷ’னிலிருந்து அவள் குரலை எடுத்தாண்டார். இம்முறை தட்டில் அவள் பெயர் அச்சாகியிருந்தது. வீடியோவில் அவளே நின்று பாடினாள். அக்டோபர் மாதத்தில் அது அமெரிக்காவின் பிரதான பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. 2011 மார்ச்சில், தன் 64-ஆம் வயதில் அவள் காலமானாள்.

இவற்றையெல்லாம் கேட்க விரும்புகிறவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே: 1980-ஆம் வருஷத்து மூலப் பாட்டை, டாம் மோல்டன் கலந்து அமைத்த நீண்ட வடிவத்தில், முதலில் கேளுங்கள், இத்தாலியர்களின் தட்டை அதற்குப் பின்னர் போடுங்கள். எந்தெந்த இடத்தில் கத்திரி விழுந்திருக்கிறது என்பதை உங்கள் காதே கண்டுபிடித்துவிடும்.