கொப்பியில் ஒரு பேர், செக்ரோலில் ஒரு பேர்

கண்டி குட்ஷெட் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. கலஹா பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எதிரே இருந்தவரின் மடியில், மழைக்குப் பயந்து பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கிளினிக் கொப்பி.

"ரெண்டு தரம் கூட்டிக்கிட்டு வந்தேங்க மாஸ்டர். மூணாந்தரம் பய வரமாட்டேங்கிறான். மருந்த மட்டுமாவது வாங்கிட்டுப் போகலாம்னு வந்தா, பிள்ளையப் பாக்காம தர முடியாதுங்கிறாங்க."

மகனுக்குப் பதினாறு வயது. மாதக்கணக்காகத் தூக்கமில்லை, பள்ளிக்கூடமில்லை, வீட்டில் யாரோடும் பேச்சுமில்லை. இரண்டு பிளேன்டீக்குச் சொல்லிவிட்டு அவரிடம் விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவரைப் போன்ற தகப்பன்மார் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கிளினிக்குக்கு ஏன் தொடர்ந்து வருவதில்லை என்று கேட்டால், 'பிள்ளை வர மறுக்கிறது' என்பதுதான் முதல் பதில். வைத்தியசாலை தொலைவில் இல்லை. கண்டியில் தேசிய வைத்தியசாலை, பேராதனையில் போதனா வைத்தியசாலை, அதற்கருகிலேயே சிறுவர் வைத்தியசாலை. எல்லாம் இலவசம். பிறகு எங்கே சிக்கல்?

முதலில் கூலியைப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயரே 'பேர்'தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால், செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் அன்றைக்குப் பேர் விழாது. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. மகனின் கொப்பியில் ஒரு திகதி விழுந்தால் அப்பாவின் செக்ரோலில் ஒரு பேர் போகிறது. பஸ் காசும் சாப்பாடும் அதற்கு மேல். இலவச மருந்துக்கு வீடு கொடுக்கும் விலை இது.

அடுத்தது மொழி. 1987இலிருந்து தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. ஆனால் மருத்துவரின் மேசைக்கு முன் தமிழ் பேசும் ஆள் எப்போதும் இருப்பதில்லை. வீட்டில் சிங்களம் நன்றாகத் தெரிந்தவன் அந்தப் பிள்ளையாகவே இருப்பான். அப்போது நோயாளியே மொழிபெயர்ப்பாளன் ஆகிவிடுகிறான். தான் இரவில் அழுவதையும் அப்பா குடித்துவிட்டுக் கத்துவதையும் அதே அப்பாவை அருகில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருத்துவர் சொல்வதில் தனக்குப் பிடிக்காததை விழுங்கிவிட்டு மிச்சத்தை அப்பாவிடம் சொல்லவும் அவனால் முடியும். இரண்டாவது தரத்தோடு அவன் நின்றுவிட்டால் அதில் என்ன ஆச்சரியம்?

மூன்றாவது, மருந்தின் போக்கு. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் காய்ச்சல் மாத்திரை போல் அன்றைக்கே கேட்பவை அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். குமட்டல், அசதி போன்ற தொல்லைகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். இதை யாரும் வீட்டாருக்கு விளங்கச் சொல்லாவிட்டால், 'மருந்து குடிச்சுத்தான் இப்பிடி ஆயிட்டான்' என்று பாட்டி சொல்வதே வீட்டின் தீர்ப்பாகிவிடும். தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருக்கும் வீடுகளில் பாட்டியின் வார்த்தைதான் சட்டம்.

இந்தக் கதை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் மியாமி நகரத்தில் ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் நிறைய. எதிலும் குடும்பமே முதல் என்ற பிடிப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஃபமிலிஸ்மோ'. அங்கும் வெள்ளைக்கார மருத்துவருக்கும் தாய்க்கும் இடையில் பிள்ளைகளே மொழிபெயர்க்கிறார்கள். போதைப்பழக்கத்துக்கு ஆளான பிள்ளைகளைச் சிகிச்சைக்குக் கொண்டுவருவது எப்படி என்று ஹோசே சப்போச்னிக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அங்கே ஆராய்ந்து, 1988இல் முடிவை வெளியிட்டார்கள். 108 குடும்பங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியை வழக்கம்போல் அழைத்தார்கள். 42 சதவீதமே வந்தது. மற்றப் பாதியில் முதல் தொலைபேசி அழைப்பிலிருந்தே வேலையைத் தொடங்கினார்கள். வீட்டில் யார் சொல் எடுபடும், யாருக்கு இதில் விருப்பமில்லை என்று விசாரித்து, அந்த ஆளை மரியாதையோடு தேடிப்போய்ப் பேசினார்கள். 93 சதவீதம் வந்தது. சிகிச்சையை முடித்தவர்கள் முதல் பாதியில் 25 சதவீதம், இரண்டாவது பாதியில் 77. பிள்ளையைத் திட்டியோ மிரட்டியோ கிடைத்த பலன் அல்ல இது.

இதைச் சொன்னதும் அவரிடம் கேட்டேன்: "உங்க வீட்ல இதுக்கு யாருண்ணே குறுக்க நிக்கிறது?"

தேநீரைக் கீழே வைத்தார். "எங்கம்மாதாங்க. பைத்தியக்கார மருந்து எதுக்குடா, கோடாங்கிகிட்ட போவோம்னு பய காதுபடவே சொல்லுது."

அந்தச் சொல்லைக் கேட்ட பையன் எப்படி வருவான்? அப்பாயியோடு சண்டை போட வேண்டாம் என்றேன். பேரனைப் பற்றிய பயம்தான் அந்தம்மாவை அப்படிப் பேச வைக்கிறது. கோடாங்கி கையில் கட்டும் நூலும் இருக்கட்டும், மாத்திரையும் நிற்காமல் போகட்டும். மருத்துவரைக் கேட்காமல் நடுவில் நிறுத்துவதுதான் ஆபத்து. அடுத்த திகதிக்கு அப்பாயியையும் கூட்டிக்கொண்டு போங்கள். மருத்துவர் சொல்வதை அவர் காதாலேயே கேட்கட்டும். சிங்களம் தெரிந்த மாமனோ பக்கத்து லயத்துப் பிள்ளையோ கூட வந்தால், தன் நோயைத் தானே மொழிபெயர்க்கும் பாரம் மகனுக்கு இல்லாமல் போகும். அவன் மருத்துவரோடு தனியாகப் பேசவும் கொஞ்ச நேரம் கேட்டு வாங்குங்கள்.

"எங்கம்மாவுக்கு பஸ் ஒத்துக்காதே" என்றார்.

"முன் சீட்ல உக்கார வைங்க" என்றேன்.

கலஹா பஸ் வந்தது. கொப்பியைப் பையோடு சட்டைக்குள் செருகிக்கொண்டு ஏறினார்.

வாசிப்பவர் வீட்டிலும் இப்படி ஒரு கொப்பி இருந்தால், அடுத்த திகதிக்கு முன் வீட்டில் மறுத்துப் பேசும் ஆளோடு ஒரு தேநீர் குடியுங்கள். ராத்திரி நேரத்தில் பிள்ளையின் பேச்சு பயமுறுத்தினால் காலைவரை காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926. இருபத்துநான்கு மணி நேரமும் அழைக்கலாம்.