கடன் அட்டையில் மட்டும் இருக்கும் பெயர்

சேலம் மாவட்டத்தில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே இருக்கிறது தம்மம்பட்டி. மரச்சிற்பம் செய்யும் பல குடும்பங்களில் வீடும் பட்டறையும் ஒன்றுதான். திண்ணையில் தூங்குவாகைக் கட்டை, கூடத்தில் பாதி கண் திறந்த பிள்ளையார், உள்ளே குக்கர் சத்தம். உளி பிடிப்பது பெரும்பாலும் ஆண்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பாலிஷ் அடிக்கும்போது கைகொடுப்பது, மூக்கு நுனி உடையாமல் பழந்துணி சுற்றிப் பார்சல் கட்டுவது, ஆர்டர் கேட்டு வரும் போனுக்குப் பதில் சொல்வது என்று மீதியெல்லாம் பெண்கள் கைக்கு வந்துவிடுகிறது. இதற்கு நடுவில்தான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், மாமியாருக்கு மாத்திரை எடுத்துத் தர வேண்டும், வெள்ளிக்கிழமை வீடு கழுவிவிட்டு விளக்கு வைக்க வேண்டும்.

ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரிச் சீட்டிலோ தொழில் என்ன என்று கேட்டால், "வீட்டுலதாங்க இருக்கேன்" என்பார்கள். காகிதங்களும் அதைத்தான் சொல்கின்றன. வீட்டுப் பத்திரம் கணவர் பேரில், மின் இணைப்பு அவர் பேரில், கைவினைஞர் அட்டை அவர் பேரில், சிலை விற்ற பணம் வந்து விழும் வங்கிக் கணக்கும் அவர் பேரில். மனைவியின் பெயர் தவறாமல் இருக்கும் ஒரே காகிதம் குழு லோன் அட்டை. மரம் வாங்கவும், ஆர்டர் இல்லாத மாதத்தை ஓட்டவும், பையனுக்கு ஃபீஸ் கட்டவும் எடுத்த கடன் அது. நுண்கடன் நிறுவனங்கள் பெரும்பாலும் பெண்களுக்கே கொடுப்பதால் கையெழுத்து இவருடையது. சொத்தில் இல்லாத பெயர் கடனில் மட்டும் இருப்பதுதான் ஒரு இல்லத்தரசியின் முதல் ஆபத்து என்பேன். மற்றவை எல்லாம் இதன் கிளைகள்.

கடனிலிருந்தே தொடங்குவோம். ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த நுண்கடன் விதிகளை, குழுப் பெண்கள் கூடித் தவணை கட்டும் சென்டர் மீட்டிங்கில் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் கொடுக்கும் கடன் எல்லாமே நுண்கடன். அந்தக் குடும்பம் கட்டும் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அதைப் பார்த்துக் கடன் கொடுப்பது நிறுவனத்தின் பொறுப்பு, வாங்குகிறவருடையது அல்ல. வட்டி, கட்டணம் எல்லாம் எழுதிய தகவல் தாள் கையில் வர வேண்டும். காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்கு வரக் கூடாது. கெட்ட வார்த்தை, மிரட்டல், உறவினருக்கும் அக்கம்பக்கத்துக்கும் போன் போட்டு மானத்தை வாங்குவது ஆகிய எல்லாமே விதிமீறல். வலுக்கட்டாய வசூலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கித் தமிழக சட்டப்பேரவை 2025-ல் தனிச் சட்டமே இயற்றியது. மூன்றாண்டு வரை சிறைக்கு அதில் இடம் உண்டு.

இரவு எட்டு மணிக்கு ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தால் அழ வேண்டாம், போனில் படம் எடுங்கள். அட்டையின் பின்னால் இருக்கும் குறைதீர்ப்பு எண்ணில் புகாரைப் பதிவு செய்து அதன் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. மிரட்டல் என்றால் நேரே காவல் நிலையம். சட்டத்தின் கை அவ்வளவாக எட்டாத இடம் ஒன்றும் இருக்கிறது. குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டில் வசூல்காரர் சும்மா நிற்பார். கூட்டாளிப் பெண்களே ஏசுவார்கள். அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, அவர்களுக்கும் அதே பயம்தான்.

சரி, இந்தப் பெண் வீட்டில் செய்யும் வேலைக்குச் சட்டம் என்ன விலை போடுகிறது? விசித்திரம் என்னவென்றால், இல்லத்தரசி இறந்தபோதுதான் நம் நீதிமன்றங்கள் அந்தக் கணக்கைப் போடத் தொடங்கின. விபத்தில் இறந்த பெண்ணுக்கு இழப்பீடு கணக்கிட, அவர் என்ன சம்பாதித்தார் என்று கேட்பார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையை அறிவார்ந்த முறையில் மதிப்பிட வேண்டிய காலம் வந்துவிட்டது என்று 2009-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் ஒரு விபத்து வழக்கில் விரிவாக எழுதினார். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 2019-ம் ஆண்டின் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை எடுத்துக்காட்டியது: வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், இல்லத்தரசியின் வருமானத்தைத் தினக்கூலித் தொழிலாளிக்கும் கீழே வைக்க முடியாது என்றது. ஆகவே விபத்து இழப்பீட்டு வழக்கில் "வீட்டில்தானே இருந்தார்" என்று யாராவது தொகையைக் குறைத்தால், அந்த வாதம் செல்லாது.

உயிரோடு இருக்கும் பெண்ணுக்கான தீர்ப்பு 2023 ஜூன் 21-ல் வந்தது. கணவர் பல ஆண்டுகள் சவூதியில் வேலை பார்த்தார். மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்துக் குடும்பத்தை நடத்தினார். கணவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து யாருடையது என்ற தகராறு, இரண்டாம் மேல்முறையீடாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் வெளிநாட்டில் சம்பாதிக்க முடிந்தது, எனவே அந்தச் சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். வேலைக்குப் போகிறவருக்கு எட்டு மணி நேரம், வீட்டில் இருப்பவருக்கு இருபத்துநாலு மணி நேரம் என்பதும் அதில் இருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, "இனி வீட்டுக்காரர் சொத்தில் பாதி எனக்கு" என்று நிம்மதியாகிவிடக் கூடாது. வாட்ஸ்அப்பில் அப்படித்தான் சுற்றியது. இல்லத்தரசியின் பங்களிப்பை நேரடியாக அங்கீகரிக்கும் சட்டம் இன்னும் இல்லை, அங்கீகரிப்பதைத் தடுக்கும் சட்டமும் இல்லை என்பதுதான் நீதிபதியே சொன்னது. அடுத்த வழக்கில் இன்னொரு பெண் ஜெயிக்க வேண்டுமானால் அவர் கையில் சாட்சியம் வேண்டும். நகை அடகு வைத்த ரசீது, மரம் வாங்கக் குழு லோனிலிருந்து போன தொகை, பிறந்த வீட்டார் கொடுத்தது, ஆர்டர் எடுத்த போன் செய்திகள் என எதையும் தூக்கிப் போடாமல் ஒரு பையில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக மனையோ வீடோ வாங்குவதாக இருந்தால் வழி இன்னும் சுலபம். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று தமிழக அரசு 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. செலவு மிச்சம் என்று சொன்னால் வீட்டில் எதிர்ப்பும் குறைவாகத்தான் இருக்கும்.

கணவரின் வங்கிக் கணக்கில் உங்களை நாமினியாகப் போட்டிருக்கிறார் என்பதும் முழுப் பாதுகாப்பு அல்ல. நாமினி பணத்தை வாங்கி வைக்கும் ஆள்தான், உரிமை வாரிசுகளுக்கு என்று 2023 டிசம்பரில் பங்குகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொன்னது. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில் மனைவி, பிள்ளைகள், தாயார் ஆகியோருக்குச் சம பங்கு.

தொழிலுக்கு வருவோம். தேய்க்கிறவரும் கைவினைஞர்தான். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைஞர் அடையாள அட்டை ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. கணவரிடம் ஒன்று இருப்பது மனைவிக்குத் தடையில்லை. தமிழ்நாடு அரசின் கைவினைத் தொழிலாளர் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ளவர் பதியலாம், கட்டணம் இல்லை. பிரசவ உதவி, பிள்ளைகளின் படிப்பு உதவி, விபத்து மரண உதவி, 60-க்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் அந்தப் பதிவின் வழியாகத்தான் வரும். தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது. அந்தக் குறியீட்டைச் சட்டப்படி பயன்படுத்த ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்துகொள்ள வேண்டும். 2020-ல் அந்த விண்ணப்பக் கட்டணத்தை 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். சென்னை கிண்டியில் உள்ள பதிவகத்துக்குப் போகும் விண்ணப்பங்களில் பெண்கள் பெயரும் இருக்கட்டும்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. மூக்கும் அதன் அருகில் உள்ள அறைகளும்தான் முக்கியமாகப் பாதிக்கப்படும். முந்தானையால் மூக்கைப் பொத்துவது போதாது, தூசி வடிகட்டும் முகக்கவசம் வேண்டும். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு தேய்க்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். தின்னர் டப்பா திறந்திருக்கும் கூடத்தில் சாமி விளக்கு எரிவதும் பக்கத்து அறையில் கேஸ் அடுப்பு எரிவதும் பெரிய ஆபத்து. அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவித் தீப்பிடிக்கும். பாலிஷ் அடிக்கும் நாளில் விளக்கேற்றும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். அந்தச் சாமியை இழைத்துத் தேய்க்கிறவருக்கு அந்த உரிமைகூடவா இல்லை?

விரதமும் அப்படித்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. கர்ப்பமாகவோ பால் கொடுத்துக்கொண்டோ இருப்பவர் பட்டினி விரதத்தைத் தள்ளிப்போட்டால் எந்தச் சாமியும் கோபிக்காது. பண்டிகைக்காகச் சேர்க்கும் தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டில் அதைவிடக் கவனம் வேண்டும். சீட்டு நடத்துபவர் 1982-ம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தவரா என்று பாருங்கள். கோயிலில் பழகிய சினேகிதம் பதிவுச் சான்றுக்கு ஈடாகாது. கோயிலுக்குப் பூ கட்டவும் பிரகாரம் கூட்டவும் வரும் பெண்களுக்கு இன்னொரு சேதி. அறநிலையத் துறைச் சட்டப்படி, பரம்பரை அல்லாத அறங்காவலர் குழுவில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் யாரோ ஒரு பிரமுகரின் மனைவிக்குப் போவதற்குக் காரணம், மற்றவர்கள் விண்ணப்பிப்பதே இல்லை என்பதுதான் என்று நினைக்கிறேன்.

திருமணத்தில் பிறந்த வீட்டார் போட்ட நகை மனைவியின் தனிச்சொத்து. கஷ்டத்தில் கணவர் அதை எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடகுச் சீட்டு உங்கள் பேரில் இருக்கட்டும்.

வீட்டுக்குள்ளேயே நிலைமை கெட்டால், 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். அடிப்பது மட்டும் வன்முறை அல்ல. செலவுக்குக் காசு தராமல் வைத்திருப்பதும், நகையை அனுமதியில்லாமல் விற்பதும் பொருளாதார வன்முறை. வீடு மாமனார் பேரிலோ கணவர் பேரிலோ இருந்தாலும், அங்கே குடும்பம் நடத்திய பெண்ணை நீதிமன்ற நடைமுறை இல்லாமல் வெளியே தள்ள முடியாது. ஜீவனாம்சத்துக்கு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவுக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்தின் 144-வது பிரிவு. அவசரத்துக்கு 181. சேலம் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுத்தால், அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது அவர் பணி.

வக்கீலுக்குக் காசு ஏது என்று தயங்குகிறவர்கள் ஆத்தூரில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போகலாம், அல்லது 15100-க்குப் பேசலாம். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. வருமான வரம்பு அவர்களுக்குக் கிடையாது. ஆகவே யாராவது வருமானச் சான்றிதழ் கேட்டால், அந்தப் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள்.