றை மாளிகையின் எஞ்சிய வாயில்

இங்கிலாந்தின் வரலாற்றைப் பயில்வோர், இரண்டாம் சாள்ஸ் மன்னனின் ஆட்சியைக் கூறும் பகுதியில் ‘றை மாளிகைச் சதி’ என்னும் தொடரைக் காணாதிருத்தல் அரிது. சதியின் பெயரை அறிந்தோர் பலர். அம்மாளிகையை எடுப்பித்தவர் யாவர், அதில் இன்று எஞ்சியிருப்பது யாது என வினவியோர் சிலரே. அவ்வினாக்களுக்கு விடை கூறுவதும், அவ்விடையினின்று வரலாற்று மாணவர் பெறத்தக்க பயனைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலண்டனுக்கு வடக்கே, ஹேட்போட்சயரிலே, ஹொடெஸ்டன் என்னும் ஊரின் அருகே, லீ ஆற்றங்கரையில் றை மாளிகை இருந்தது. தென்மார்க்கு நாட்டிற் பிறந்து, ஆங்கிலேயர் பக்கத்தில் நின்று பிரான்சிலே போர்புரிந்து பெரும்பொருள் ஈட்டிய சேர் அன்றூ ஓகாட் என்பவரே அதனை எடுப்பித்தவர். அக்காலத்தில் ஒருவர் தம் இல்லத்து மதிலுக்கு ஞாயில் அமைப்பதாயின் அரசனது உத்தரவைப் பெறுதல் வேண்டும். அவ்வுத்தரவை ஓகாட் 1443 ஆம் ஆண்டில் ஆறாம் ஹென்றி மன்னனிடம் பெற்றார். ஞாயிலும் அகழியும் பகைவரைத் தடுத்தற்கு மட்டும் அமைந்தனவல்ல. உடையவரது தகுதியை ஊரார்க்கு உணர்த்துதற்கும் அமைந்தன. பிறநாட்டிலிருந்து வந்து உயர்நிலை எய்திய ஒருவர்க்கு அவ்வுணர்த்துதல் பெரிதும் வேண்டியதாயிற்று எனல் தவறாகாது.

மாளிகை முழுவதும் மறைந்துவிட, அதன் வாயில்மாடம் ஒன்றே எஞ்சி நிற்கின்றது. அது செங்கல்லாலானது. கல்லும் மரமுமே பெருவழக்காயிருந்த 15 ஆம் நூற்றாண்டிலே, ஆங்கில நாட்டிற் செங்கல் அருமையும் செலவும் மிக்க பொருள். சுவரிலே கருநிறச் செங்கற்களை இடையிட்டுச் சாய்சதுரக் கோலம் வகுத்துள்ளனர். முறுக்கிய கயிறுபோன்ற செங்கற் புகைபோக்கி காண்போர் கண்ணைக் கவர்வதாகும். அந்நாட்டின் தொடக்ககாலச் செங்கல் வேலைப்பாட்டுக்கு இஃது ஓர் அரிய சான்று.

இனிச் சதியை நோக்குவோம். 1683 ஆம் ஆண்டில் இம்மாளிகையிற் குடியிருந்தவன் றிச்சாட் றம்போல்ட் என்பவன். மதுவடிப்புக்கு வேண்டிய முளைத்தானியம் பதப்படுத்துதல் அவன் தொழில். முன்னர்க் குறொம்வெல்லின் படையிற் பணிபுரிந்தவன். அரசனும் அவன் தம்பி ஜேம்சும் நியூமாக்கெற்றிலே குதிரைப்பந்தயம் கண்டு மீளும்போது, மாளிகையை அடுத்த ஒடுங்கிய வழியில் அவர்களைக் கொல்வதே சதியின் நோக்கமெனக் கூறப்பட்டது. ஆயின் மார்ச்சு 22 ஆந் தேதி நியூமாக்கெற்றில் மூண்ட பெருந்தீ காரணமாக அரசன் குறித்த நாளுக்கு முன்னரே திரும்பினான். வாயிலருகே ஒன்றும் நிகழவில்லை.

நிகழாத அக்கொலையின் பேரால் நிகழ்ந்த கொலைகள் பல. யூன் மாதத்தில் ஒருவன் செய்தியை வெளியிட, அரசனை எதிர்த்த கட்சியின் தலைவர்கள் சிறைப்பட்டனர். றசல் பிரபு யூலையிலும், அல்ஜேணன் சிட்னி டிசெம்பரிலும் தலை துணிக்கப்பட்டனர். சிட்னியின் வழக்கு சட்டம் பயில்வோர் மறக்கலாகாதது. அரசத்துரோகத்தை நிறுவ இரு சாட்சிகள் வேண்டும் என்பது விதி. நேரே சாட்சி கூறியவர் ஹவாட் பிரபு ஒருவரே; அவரும் குற்றத்திற் பங்குகொண்டவராகக் கருதப்பட்டவர். மற்றைச் சாட்சியின் இடத்தில், சிட்னியின் வீட்டிலிருந்து எடுக்கப்பட்ட, அச்சேறாத அரசியற் கையெழுத்துப்படி வைக்கப்பட்டது. நீதிபதி ஜெப்றிஸ் அதனை ஏற்றார். இருவர்க்கும் விதித்த தீர்ப்புகளைப் பாராளுமன்றம் 1689 இல் நீக்கிற்று. போன உயிர் மீளவில்லை. அக்கையெழுத்துப்படி 1698 இல் நூலாக வெளிவந்தது.

சதியில் உண்மை எவ்வளவு, புனைவு எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர் இன்றும் ஒருமுகப்பட்டிலர். எனவே இவ்விடிபாட்டை நோக்கும் மாணவர் இருவகைச் சான்றுகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். செங்கல்லும் கோலமும் ஞாயிலும் தம்மை ஆக்கியோரின் காலத்தையும் செல்வத்தையும் விருப்பத்தையும் நேரே கூறுவன. சதிபற்றிய செய்தியோ அச்சத்தாலும் மன்னிப்பு வேட்கையாலும் பேசிய மாந்தரின் வாயிலாக வந்தது. முன்னதைக் கண்டு பின்னதை நம்பிவிடுதல் எளிது. இடம் மெய்யாக இருத்தலால் அதனோடு சேர்த்துக் கூறப்படும் கதையும் மெய்யெனத் தோன்றும். வரலாறு பயில்வோர் விழிப்பாயிருக்க வேண்டிய இடம் அதுவே.

அரச கொலைக்குக் குறிக்கப்பட்டதாகக் கூறப்படும் அம்மாளிகை, பின்னாளில் வறியோர்க்குரிய பணியில்லமாயிற்று; அதன்பின், 19 ஆம் நூற்றாண்டிலே, புகைவண்டியில் வந்திறங்கிய இலண்டன் மக்கள் பொழுதுபோக்கும் பூங்காவாயிற்று. பூங்காவும் கலைந்தது. ஓகாட் அடுக்குவித்த செங்கல் வாயில் மட்டும், உள்ளே நுழைதற்கு ஒரு வீடின்றி, ஆற்றங்கரையில் நிற்கின்றது.