மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்

நூலையும் திரைப்படத்தையும் எடைபோடுவது அறிஞர்க்கே உரியது என நாம் எண்ணிவிடுகிறோம். அது சரியன்று.

1966-ஆம் ஆண்டு ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதை ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழைநாளில் அந்நியன் ஒருவனின் இச்சைக்கு இரையாகி வீடு திரும்பும் கல்லூரி மாணவியின் தலையில் தாய் நீரை ஊற்றி, அவள் தூயவளே எனத் தேற்றி அணைத்துக்கொள்கிறாள். வாசகரிடையே பெரும் சர்ச்சை மூண்டது. போற்றியவரும் உண்டு, சீறியவரும் உண்டு. தாய் அவ்வாறு ஏற்காதிருந்தால் அப்பெண்ணின் கதி என்ன? இவ்வினாவிலிருந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்னும் நாவல் பிறந்தது. அதற்கு 1972-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1977-இல் பீம்சிங்கின் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. ஆகவே, எளிய வாசகரின் கருத்து வீண்பேச்சன்று.

நம் இல்லங்களிலோ, “படம் எப்படி?” “பரவாயில்லை” என்பதோடு உரையாடல் முடிந்துவிடுகிறது. அன்பர்களே, சற்று மேலும் பேசுவோம். ஆனால் சிந்தித்துப் பேசுவோம். கதையில் வரும் பெண்ணைக் குறித்து நாம் கூறும் தீர்ப்பை நம் மகளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நாளை அவளுக்கொரு துன்பம் நேர்ந்தால், அதை நம்மிடம் சொல்வதா மறைப்பதா என்பதை அச்சொற்களைக் கொண்டே அவள் முடிவு செய்வாள்.